இரண்டு முறை செத்துப்போன சித்தி

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்குத் தம்பி கிடையாது. ஒரே ஒரு அக்கா உண்டு. அவளும் டீயைத் தாண்டி எதையும் குடித்ததில்லை. இருந்தும் ஒரு வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, பால் சேகரிப்பு நிலையம் ஒன்றின் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டு, "என் தம்பி ரொம்பக் குடிக்கிறான்" என்று கண் கலங்கச் சொன்னேன். கதை கிடைக்கும் என்றால் எழுதுகிறவர்களுக்குக் கூச்சநாச்சம் எல்லாம் பறந்துவிடும். எனக்கும் பறந்துவிட்டது.

காலைப் பால் வண்டியேறிப் போனதற்கும் மாலைப் பால் வருவதற்கும் நடுவில் அந்த அறை சும்மா கிடக்கும். பினாயிலும் புளித்த பாலும் கலந்த வாசனை. வாராவாரம் அந்த நேரத்தில் ஏழெட்டுப் பேர் அங்கே கூடுவார்கள். எல்லோர் வீட்டிலும் குடிக்கிறவர் ஒருவர் உண்டு. குடிக்கிறவர் வரமாட்டார். அவரோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிறவர்கள் வருவார்கள். கூட்டத்தைத் தொடங்கியவர் ஓய்வுபெற்ற நர்ஸம்மா. முப்பது வருஷம் அந்த ஊர் முழுக்க ஊசி போட்டவர் என்பதால் அவர் சொல்லுக்கு இன்னும் எல்லோரும் கையை நீட்டிவிடுவார்கள்.

பால் அறையைப் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. கேனைத் தூக்கிக்கொண்டு பால் அறைக்குள் போனால் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் ஆளுக்கொரு காலிக் கேனோடு வந்தார்கள், மாடே இல்லாதவர்கள் உட்பட. மதியம் மூன்று மணிக்கு எந்த மாட்டைக் கறப்பார்கள் என்று யோசிக்கத்தான் அவர்கள் மறந்துவிட்டார்கள். ஊர் மறக்கவில்லை.

கூட்டத்துக்கு வருகிறவர்களில் டெய்லரக்காவும் ஒருத்தி. அவளிடம் சட்டை தைக்கக் கொடுக்க வந்த ஒருத்தி கேட்டுவிட்டாள்: "மாடு வாங்கியிருக்கீங்களாமே? எத்தனை லிட்டர் கறக்குது?"

டெய்லரக்கா அசரவில்லை. "இப்பதாங்க சினையா இருக்கு" என்றாள். அன்றிலிருந்து, இல்லாத மாட்டின் பிரசவமும் அவள் பொறுப்பில் சேர்ந்துகொண்டது.

இது அவள் கதை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

'தண்ணீர்த் தொட்டியின் மோட்டார் ஆபரேட்டர் அன்று காலையிலேயே குடித்துவிட்டு—'

டங்.

(சத்தம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நர்ஸம்மா கையில் பால் அளக்கிற நீளக் கரண்டி இருக்கும். கூட்டத்துக்கு ஒரே ஒரு விதிதான்: குடிக்கிறவருடைய கதையைச் சொல்லக் கூடாது. எங்கே விழுந்தார், எதை உடைத்தார், என்ன சத்தியம் செய்தார் என்று யாராவது ஆரம்பித்தால் கரண்டி கேன் மேல் விழும். "அது அவரு கதை. என்னைக்காவது அவரே வந்து சொல்லிக்குவாரு. நீ என்ன பண்ணே? அதைச் சொல்லு.")

கேட்பதற்கு எளிது. செய்து பார்த்தால்தான் தெரியும். பால்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த மகன் குடிக்கிறான். முதல் மூன்று வாரம் அவர் வாயைத் திறப்பதும் கரண்டி விழுவதுமாகவே போனது. நாலாவது வாரம், "நான் வந்து... நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அப்போது கரண்டி விழவில்லை.

இரண்டாம் முயற்சி:

'குடியால் சீரழிந்த ஒரு குடும்பத்தில், கண்ணீரோடு காலம் தள்ளும் ஒரு பெண்—'

இதற்குக் கரண்டி தேவைப்படவில்லை. படித்துக் காட்டியபோது டெய்லரக்காவே கையை ஆட்டி நிறுத்திவிட்டாள். "கதைக்காரரே, நான் எப்பங்க கண்ணீரோட காலம் தள்ளினேன்? நான் சட்டைக்குப் பட்டன் காஜா எடுத்துட்டு இருந்தேன்."

மூன்றாம் முயற்சி:

'டெய்லரக்கா பள்ளிக்கூடச் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, பொய் சொல்லிக்கொண்டிருந்தாள்.'

சத்தம் எதுவும் இல்லை. மேலே போகலாம்.

3

டெய்லரக்கா பள்ளிக்கூடச் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் தண்ணீர் வாரியத்து சூப்பர்வைசர்.

"இல்ல சார், ரெண்டு நாளா பல்வலி. கன்னம் இப்படி வீங்கிக் கிடக்கு. பேசவே முடியல. இல்லாட்டி அவரே போன் பண்ணியிருப்பாரு."

அவள் வீட்டுக்காரருக்கு வேலை, காலை ஆறு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் மோட்டாரைப் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்புவது. பிறகு தெருத் தெருவாக வால்வைத் திறந்து மூடுவது. எழுந்திருக்க முடியாத நாட்களில் சாவியை எடுத்துக்கொண்டு டெய்லரக்காவே போய்விடுவாள். மோட்டார் ஓடும்போது சுவரில் கை வைத்துப் பார்த்தே தண்ணீர் ஏறுகிறதா இல்லையா என்று சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தாள். திரும்பி வந்து மிஷினில் உட்கார்வாள். போன் வந்தால் பொய் சொல்வாள். ஆறு வருஷமாக இதுதான் நடைமுறை.

அவளுடைய அளவு நோட்டை நான் பார்த்திருக்கிறேன். முன்பக்கத்தில் மார்பளவு, தோளளவு, கை நீளம். திருப்பிப் பிடித்தால் பின்பக்கத்தில் பொய்கள், தேதியோடு. காய்ச்சல் இத்தனை முறை, பல்வலி இத்தனை முறை, பைப் உடைந்தது, செருப்பு அறுந்து காலில் முள் ஏறியது. சொன்னதையே திரும்பச் சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று அவளாகக் கண்டுபிடித்த முறை. பொறாமையில் எனக்கு வயிறு எரிந்தது. பதினைந்து வருஷமாக எழுதுகிறேன். என் கதைகளில் தேதி உதைக்கும், ஆள் மாறிப்போவார்கள். அவள் கதைகளில் ஒரு ஓட்டை இல்லை.

ஒன்றே ஒன்றைத் தவிர. பள்ளி திறக்கிற மாதம் அளவுகள் குவிந்து நோட்டு தீர்ந்துபோனது. புது நோட்டுக்குப் பொய்களைப் பார்த்து எழுதும்போது, சாவுகள் இருந்த பக்கத்தை விட்டுவிட்டாள். அந்தப் பக்கத்தில் ஒரு வரிதான் இருந்தது: 'சித்தி. மூன்று நாள்.'

சித்தி என்றால் வீட்டுக்காரரின் சித்தி, அம்மாவின் தங்கை. அவரை வளர்த்தவள். டெய்லரக்காவுக்குச் சின்ன மாமியார். "அத்தை" என்றுதான் கூப்பிடுவாள். அதே வீட்டில் இருக்கிறாள், திடகாத்திரமாக. பட்டன் தைப்பது அவள் வேலை.

போன வருஷம் ஒருமுறை சூப்பர்வைசரிடம் செத்த சித்தி, இந்த வருஷம் இன்னொரு முறை செத்தாள்.

"எந்த சித்திம்மா? போன வருஷம் தவறிட்டாங்களே?" என்றார் சூப்பர்வைசர்.

டெய்லரக்காவின் கால் மிதியில் நின்றது. ஒரு மூச்சு இழுக்கிற நேரம்தான். "அது பெரிய சித்தி சார். இது சின்ன சித்தி."

"அடடா. அப்பவும் நான் வரல. இந்தத் தடவை கண்டிப்பா வரேன்மா."

4

(இந்தப் பகுதியில் வீட்டுக்காரர் எப்படிக் குடிக்கப் பழகினார், முதல் நாள் யாரோடு போனார், கல்யாணத்துக்கு முன் எவ்வளவு நல்ல நீச்சல்காரர் என்பதெல்லாம் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். நன்றாகவும் வந்திருந்தது. டங். எடுத்துவிட்டேன்.)

5

சூப்பர்வைசர் சொன்னபடியே ஒரு பை ஆப்பிளோடு வந்து நின்றார். நல்ல மனுஷன். அதுதான் சிக்கலே. கெட்டவராக இருந்தால் வீடு தேடி வந்திருக்க மாட்டார்.

நான் முதலில் எழுதியது இப்படி: கதவைத் திறந்தது அத்தை. "யாரு செத்தது?" என்று விசாரித்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நான்தான் தம்பி அந்தச் செத்துப்போனவ. உள்ள வாங்க, எனக்காகத்தானே வந்தீங்க?" என்கிறாள். சூப்பர்வைசரின் கையிலிருந்து ஆப்பிள்கள் உருண்டு ஓடுகின்றன.

இதைப் படித்துக் காட்டினேன். டெய்லரக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்படி நடக்கலையே" என்றாள்.

நடந்தது இது. அத்தை வாசலில் உட்கார்ந்து பட்டன்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் செருப்பைக் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "சின்ன சித்தி தவறிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். நீங்க அவங்களுக்கு..." என்று இழுத்தார். அத்தை நிமிர்ந்து டெய்லரக்காவைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. அந்த வீட்டில் இருந்து இருந்து, பார்வையிலேயே எல்லாம் புரிந்துவிடும்.

"அக்கா முறை தம்பி" என்றாள் அத்தை. "என் தங்கச்சி. போயிட்டா." முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

முதல் ஒரு நிமிஷம் நடிப்புதான். டெய்லரக்காவுக்கே அது தெரிந்தது. நன்றாக நடிக்கிறாளே என்றுகூட நினைத்தாள். அப்புறம் அத்தை பேசத் தொடங்கினாள்.

"அவ எல்லாருக்கும் செஞ்சா தம்பி. சொந்தமா ஒரு புள்ளைகூட இல்ல. அக்கா பெத்ததைத் தூக்கி வளர்த்தா. வளர்த்த புள்ள விழுந்து கிடக்கிறப்பல்லாம் அவதான் தூக்கிட்டு வருவா. ஒருத்தரும் அவளை ஏன் இளைச்சுப் போயிட்டன்னு கேட்டதில்ல. கேட்காமலே போயிட்டா."

சூப்பர்வைசருக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தைக்கு அழுகை நிற்கவில்லை. அவர் ஆறுதல் சொல்லி, ஆப்பிளை வைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்பிய பிறகும் நிற்கவில்லை. டெய்லரக்கா மிஷினை விட்டு எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கடைசியில் அத்தை மூக்கைச் சிந்திவிட்டு, "என் சாவுக்கு நானே அழுது முடிச்சுட்டேன். இனி நீங்க யாரும் சிரமப்பட வேணாம்" என்றாள்.

இதைச் சொல்லக் கேட்டபோது அந்த இடத்தில் நான் சிரித்தேன். டெய்லரக்கா சிரிக்கவில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

(அப்போது வீட்டுக்காரர் உள்ளறையில் தலைவரை போர்வையை இழுத்து— டங். சரி, சரி.)

6

அடுத்த வியாழக்கிழமை பால் அறைக்கு அத்தையும் வந்தாள். இருந்த கேன்களிலேயே பெரிய கேனாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு. சினை மாட்டுக்கே இரண்டு கேனா என்று ஊர் குழம்பியிருக்க வேண்டும்.

அன்றைக்குத்தான் நான் கையும் களவுமாகப் பிடிபட்டேன். என் முறை வந்ததும் தம்பியைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தேன். டெய்லரக்கா கையைத் தூக்கினாள்.

"ஒரு சந்தேகம். உங்க தம்பி ரெண்டு வாரம் முன்னாடி லாரி ஓட்டினாரு. இன்னைக்கு வெல்டிங் பட்டறையில இருக்காரு. வேலை மாத்திட்டாரா?"

"அது வந்து... ஆமா..."

"நோட்டு வெச்சுக்கோங்க, கதைக்காரரே. நோட்டு இல்லாம இந்தத் தொழிலுக்கு வரக் கூடாது."

அறையே சிரித்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேனை எடுத்துக்கொண்டு எழுந்தேன். (ஆமாம், நானும் ஒரு கேன் வாங்கியிருந்தேன்.) நர்ஸம்மா கரண்டியால் என் கேனைத் தட்டி, "எங்க கிளம்பிட்டீங்க? பொய் சொல்லிச் சொல்லி அலுத்தவங்க உட்கார்ற இடம்தான் இது. உட்காருங்க" என்றார்.

பிறகு டெய்லரக்கா பேசினாள். வழக்கமான கிண்டல் அவள் குரலில் இல்லை.

"அத்தை அன்னைக்கு அழுததுல இருந்து எனக்கு மனசு சரியில்ல. நேத்து ஒரு புள்ள வந்து, அக்கா இது என்ன கலர் நூலுன்னு கேட்டுச்சு. வெள்ளை நூல். கையிலதான் இருக்கு. ஆனா எனக்கு வாயில வேற கலர் வருது நர்ஸம்மா. எதுக்குன்னே தெரியல. உண்மையைச் சொல்றதுக்கு எனக்கு வராமலே போயிடுமோன்னு பயமா இருக்கு."

நர்ஸம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "அடுத்த தடவை போன் வந்தா பொய் சொல்லாத. அவ்வளவுதான்."

"குடிச்சிட்டுக் கிடக்கிறாருன்னு சொல்லச் சொல்றீங்களா?"

"உண்மையைச் சொல்லுன்னு நான் சொல்லவே இல்லையே. அது அவரு வாயால வரணும். நீ பொய் சொல்லாத, அது போதும். ரெண்டுக்கும் நடுவுல நிறைய இடம் இருக்கு. அப்புறம் அந்த மோட்டார் சாவி. அதையும் நீ தொடாத."

"வேலை போயிடும் நர்ஸம்மா. ஒருநாள் மோட்டார் ஓடலன்னாலும் மேல எழுதிடுவேன்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்காரு."

"போகலாம். போகாதுன்னு என்னால சொல்ல முடியாது. போச்சுன்னா மறுநாள் காலையில நாங்க அத்தனை பேரும் உன் வீட்டு வாசல்ல இருப்போம். அது மட்டும் சொல்ல முடியும்."

பால்காரர் தொண்டையைச் செருமினார். "தண்ணி வரலன்னா ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் ரெண்டும் திண்டாடும். என்கிட்ட பதினாறு பெரிய கேன் இருக்கு. கழுவி முதல் நாளே தண்ணி பிடிச்சு வெச்சுடறேன்."

"எந்த நாளுன்னு யாருக்குண்ணே தெரியும்?" என்றாள் டெய்லரக்கா.

"தெரியாதுதான். தினமும் பிடிக்கிறேன்."

பிடித்தார். பதினோரு நாள். அத்தனை நாளும் வீட்டுக்காரரே எழுந்து மோட்டாரைப் போட்டுவிட்டார். தினமும் மாலை பதினாறு கேனில் தண்ணீர், காலையில் அதைத் தோட்டத்தில் கொட்டிவிட்டுப் பால். பால்காரர் கேன் கேனாகத் தண்ணீர் பிடிப்பதை ஊர் கண்ணாரப் பார்த்தது. இருபது வருஷம் கட்டிக்காத்த பேர் பதினோரு நாளில் போய்விட்டது. டீக்கடையில் அவரைப் பார்த்தே கேட்டார்கள். எதற்கென்று சொன்னால் டெய்லரக்கா வீட்டுக் கதை வெளியே வந்துவிடும். பொய் சொல்லவும் முடியாது. "இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு டீயைக் குடித்துமுடித்தாராம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த ஆள் அவர்தான். அவருக்கு இன்னும் இரண்டு வரி அதிகம் எழுதலாம். எழுத விடமாட்டேன் என்கிறார்.

7

பன்னிரண்டாம் நாளுக்குப் போவதற்கு முன், நான் தயாராக வைத்திருந்த முடிவுகள்:

அ. வீட்டுக்காரர் திருந்துகிறார். ஆறு மணிக்கு மோட்டார் ஓடுகிறது. தொட்டி நிரம்பி வழிகிறது.

ஆ. வீட்டுக்காரர் திருந்தவில்லை. சித்திக்குப் பதிலாக—

இ. சூப்பர்வைசர் வீட்டிலும் அதே கதை என்று தெரியவருகிறது. ஒரு வியாழக்கிழமை அவரும் கேனோடு வருகிறார்.

அத்தைக்கு மூன்றாவது ரொம்பப் பிடித்துவிட்டது. "அதையே போடுங்க தம்பி, அவருக்கும் ஒரு இடம் போட்டு வெக்கலாம்" என்றாள்.

டெய்லரக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "திருந்திட்டாருன்னு போடாதீங்க. செத்துட்டாருன்னும் போடாதீங்க. ரெண்டையும் நான் இந்த மிஷின்ல உட்கார்ந்துட்டு எத்தனையோ தடவை நினைச்சுப் பார்த்தாச்சு. எனக்குத் தெரியாத எதையாவது எழுதறதா இருந்தா எழுதுங்க."

எனக்குத் தெரியாது. அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

8

பன்னிரண்டாம் நாள் காலை. ஆறு மணி ஆனது. மோட்டார் ஓடவில்லை. சாவி ஆணியில் தொங்கியது. டெய்லரக்கா அதைப் பார்க்காமல் இருக்க, சுவரைப் பார்த்து மிஷினைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு மணிக்குத் தெருவில் குடங்கள் சத்தம் போட்டன. ஏழரைக்குப் பால்காரரின் வண்டி தண்ணீர்க் கேன்களோடு ஆஸ்பத்திரிப் பக்கம் போனது.

எட்டு மணிக்குப் போன் அடித்தது.

அடித்த உடனே உள்ளறையிலிருந்து ஒரு இருமல் கேட்டது. இழுத்து, நீட்டி, நல்ல நோயாளி இருமல். ஆறு வருஷப் பழக்கம். இவள் காய்ச்சல் என்றால் அவர் இருமுவார். கால்வலி என்றால் முனகுவார். கூடவே பக்கவாத்தியம்.

(டங் அடிக்காதீர்கள் நர்ஸம்மா. இந்த இருமல் அவள் காதில் விழுந்தது. அதனால் அவள் கதைதான்.)

"என்னம்மா, ஊரெல்லாம் போன் பண்றாங்க? மோட்டார் ஓடலையாமே? ஆள் எங்க?"

டெய்லரக்காவுக்கு வாயில் பொய் வந்துவிட்டது. முழுசாக, தேதியோடு, ஓட்டை இல்லாமல். வீட்டுக்காரர் இரண்டாம் முறை இருமினார். அவளுக்குப் பயமாக இருந்தது. வேலையை நினைத்தாள், மாதம் முடிய எத்தனை நாள் என்று நினைத்தாள், மறுநாள் காலை வாசலில் கேன்களோடு வந்து நிற்கப்போகிறவர்களை நினைத்தாள்.

"மோட்டார் போடல சார்" என்றாள். "ஏன்னு நான் சொல்றது சரியா இருக்காது. அவரு வீட்டுலதான் இருக்காரு. அவர்கிட்டயே கேளுங்க."

இருமல் நின்றது.

அவள் உள்ளே போனாள். வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்திருந்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கையை ஆட்டினார். கையெடுத்தே கும்பிட்டார். அந்தக் கைகளைப் பிரித்து, உள்ளங்கையில் போனை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"ஹலோ? ஹலோ?" என்றது போன்.

வாசற்படியில் நின்ற அத்தை, "சார், அவனுக்கு வந்து..." என்று வாயைத் திறந்தவள், இரண்டு கையாலும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

டெய்லரக்கா வெளியே வந்து மிஷினில் உட்கார்ந்தாள். நூலைக் கோக்கப் பார்த்தாள். ஊசிக் காது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வீட்டுக்காரர் போனைக் காதில் வைக்கிற சத்தம் கேட்டது. மூச்சை இழுத்தார். "சார்..." என்றார்.

எழுதிக்கொண்டே வந்த கை இங்கே நின்றுவிட்டது. அடுத்த வாக்கியம் அவருடையது. அதைத்தான் ஆறு வருஷமாக யாரோ ஒருவர் அவருக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

உங்கள் வாயில் ஏதோ வருகிறது என்று தெரியும். நல்லதாகவே வருகிறது என்றும் தெரியும். கொஞ்சம் பொறுங்கள். அவர் சொல்லட்டும், யாரும் எடுத்துக்கொடுக்காதீர்கள்.